போனவர்களுக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி

ஜனவரி 18, ராமநாதபுரம்

அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு அரண்மனைக்குப் போனேன். ராமலிங்க விலாசத்துச் சுவர் ஓவியங்களை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. சேதுபதியும் தஞ்சை மராட்டியரும் மோதும் போர், சேதுபதியைக் காண வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் அப்படியே நிற்கிறார்கள். அழகன்குளத்தில் தோண்டி எடுத்த பானை ஓடுகளையும் பார்த்தோம். 2000 ஆண்டுக்கு முன் கடல் தாண்டி வந்த ரோமானிய ஜாடியின் உடைசலைக்கூட இந்த மண் மதிக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் இதே கரை வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போன லட்சக்கணக்கான சனத்தின் ஒரு தகரப் பெட்டியை எங்கே போய்ப் பார்ப்பது?

ஜனவரி 19, மண்டபம்

முகாமுக்குள் நினைத்தபடி போக முடியாது. 1983-க்குப் பின் வந்த ஈழ அகதிகள் இன்னமும் அங்கே இருக்கிறார்கள். வெளியே நின்று பார்த்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் அரசு தன் செலவில் இங்கே நடத்திய முகாம் இது. காலராவும் பிளேக்கும் கூடவே தோட்டத்துக்குப் போய்விடக் கூடாதென்று கூலியாட்களைச் சில நாள் நிறுத்தி, அம்மை குத்தி, அப்புறம்தான் அனுப்பினார்கள். தோட்டத்து எண் பொறித்த தகடு ஒன்று அவர்கள் கழுத்தில் தொங்கும். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அதற்கு முன் போனவர்கள் தோணியில் இறங்கிக் காட்டு வழியே கண்டிச் சீமைக்கு நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

ஜனவரி 25, உச்சிப்புளி

மகள் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியைப் பார்த்தேன். இலங்கை மலைநாட்டில், தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு ஒன்றில் பிறந்தவர். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், இரு நாட்டுப் பிரதமர்கள் போட்டது, இலங்கைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது; அவர்களில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதனால் பாட்டியின் கப்பல் ராமேஸ்வரத்தில் வந்து நின்றது. மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், பிறகு நீலகிரியில் மறுபடியும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலை.

மஞ்சள் பையிலிருந்து குடும்ப அட்டையை எடுத்தார். மடிப்பில் கிழிந்து, உள்ளே துணி ஒட்டியிருக்கிறது. மை மங்கியும் பெயர்கள் தெரிகின்றன. கடைசிப் பெயர் வழியில் தவறிய தம்பியுடையது. அடுத்து அவர் அப்பா தேயிலைச் செடியை வெட்டிவிட வைத்திருந்த கவ்வாத்துக் கத்தி. பிடியில் சுற்றிய சணல் கறுத்து, ஒரு விரல் தேய்த்த பள்ளம்கூட அப்படியே இருக்கிறது.

"இதைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னாங்க தம்பி. எனக்கு மனசு வரலை" என்றார்.

கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருப்பதைப் போனில் காட்டினேன். ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தார். "அங்க வைக்கிறாங்க. நாங்க வந்து இறங்குன எடத்துல வைக்க மாட்டாங்களா?"

ஜனவரி 26, உச்சிப்புளி

கிராம சபையில் மனு கொடுத்தேன். மண்டபத்தில் ஓர் அறை போதும்; போனவர்கள், திரும்பியவர்கள், அகதியாக வந்தவர்கள் எல்லோருடைய பொருளும் அங்கே இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டார்கள். பாட்டியும் கைநாட்டு வைத்தார். நகலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறேன்.