வாக்குச்சாவடி மேசைக்கு அந்தப் பக்கம்: இங்கிலாந்தில் ஒரு மாவட்டக் கவுன்சில் தேர்தல்

இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் ஓட்டுப் போடலாம் என்று சொன்னால், இங்கே வந்து சில வருடங்கள் ஆன தமிழர்கள்கூட நம்புவதில்லை. போடலாம். காமன்வெல்த் நாட்டின் குடிமக்களாக இருந்து, 18 வயது நிரம்பி, செல்லுபடியாகும் விசாவோடு இங்கே குடியிருந்தால் போதும். உள்ளாட்சித் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தல் இரண்டிலும் வாக்கு உண்டு. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் இதேதான். நான் டிபெண்டன்ட் விசாவில் வந்தவள். கணவருக்கு ஹார்வெல் அறிவியல் வளாகத்தில் வேலை. 2023 மே 4 அன்று நடந்த மாவட்டக் கவுன்சில் தேர்தலில் வாக்காளராக மட்டும் இல்லாமல், வாக்குச்சாவடி ஊழியராகவும் இருந்தேன். இங்கே இருக்கும் நம்மவர்களுக்குப் பயன்படும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்தின் பெயர் வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ். அஃபிங்டன் பக்கத்தில் ஒரு மலைச்சரிவில் சுண்ணாம்புக் கல்லால் உருவாக்கப்பட்ட பெரிய வெள்ளைக் குதிரை இருக்கிறது. பெயர் அதிலிருந்து வந்தது. அபிங்டன், வான்டேஜ், ஃபாரிங்டன் எல்லாம் இந்த மாவட்டத்தில்தான் வருகின்றன. கவுன்சிலில் 38 உறுப்பினர்கள், நான்கு வருடத்துக்கு ஒரு முறை எல்லா இடங்களுக்கும் சேர்த்துத் தேர்தல்.

இதற்கு மேலே ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் கவுன்டி கவுன்சில் என்று இன்னொன்று உண்டு. சாலை, பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எந்த வாரம் பச்சைக் குப்பைத்தொட்டி, எந்த வாரம் கறுப்புக் குப்பைத்தொட்டி, வீட்டை நீட்டிக் கட்ட அனுமதி, வீடில்லாதவர்களுக்கு உதவி, இதெல்லாம் மாவட்டக் கவுன்சில். கவுன்சில் டேக்ஸ் என்ற உள்ளாட்சி வரியை வசூலிப்பதும் மாவட்டம்தான், ஆனால் அதில் பெரும்பகுதி கவுன்டிக்குப் போய்விடும். சாலையில் பள்ளம் இருக்கிறது என்று மாவட்ட வேட்பாளரிடம் முறையிடுபவர்கள் ஆங்கிலேயர்களிலும் நிறையப் பேர்.

பெயர் சேர்ப்பது எளிது. அரசின் இணையதளத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி, குடியுரிமை, நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் கொடுத்தால் சில நிமிடங்களில் முடியும். பிறகு கவுன்சிலிலிருந்து உறுதிப்படுத்திக் கடிதம் வரும். அந்தக் கடிதம் வந்த சமயத்தில்தான் வாக்குச்சாவடிக்கு ஆட்கள் தேவை என்று கவுன்சில் அறிவித்திருந்ததைப் பார்த்தேன். வேலை செய்ய உரிமையுள்ள விசா வேண்டும், எந்த வேட்பாளருக்கும் பிரசாரம் செய்திருக்கக்கூடாது. எனக்கு இரண்டும் பொருந்தியது, விண்ணப்பித்தேன்.

பயிற்சியில் பாதிக்கு மேல் அடையாள அட்டை பற்றித்தான். இங்கிலாந்தில் வாக்குச்சாவடிக்கு வரும் எல்லோரும் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும் என்ற சட்டம் முதன்முறையாக அமலுக்கு வந்த தேர்தல் அது. அதுவரை பெயரையும் முகவரியையும் வாயால் சொன்னால் போதும், வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வாக்காளர் அட்டை இல்லாமல் சாவடிக்குப் போவதையே நினைத்துப் பார்க்க முடியாத ஊரிலிருந்து வந்த எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

நமக்கு முக்கியமான செய்தி: காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் அடையாளமாக ஏற்கப்படும். பிஆர்பி என்ற குடியேற்ற அனுமதி அட்டையும் ஏற்கப்பட்டது. இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லாது, பிரிட்டிஷ் உரிமம் செல்லும். காலாவதியான பாஸ்போர்ட்டாக இருந்தாலும், படத்தில் இருப்பது நீங்கள்தான் என்று தெரிந்தால் போதும்.

பெயர் பற்றிய பகுதியைத்தான் நான் மிகக் கவனமாகக் கேட்டேன். அப்பா பெயர் இனிஷியலாக, சில இடத்தில் சர்நேமாக, சில இடத்தில் முன்னும் பின்னுமாக மாறிக் கிடப்பது நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. பட்டியலில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஒரே ஆள் என்று சாவடித் தலைமை அலுவலருக்குத் திருப்தி ஏற்பட்டால் சரி. பெயர் முழுதாக மாறியிருந்தால் திருமணச் சான்றிதழ் போன்ற ஓர் ஆவணம் கொண்டுவர வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பட்டியலில் பதிந்துவிடுவது நிம்மதி.

வியாழக்கிழமை காலை ஆறரைக்குச் சாவடியில் இருக்க வேண்டும். கிராமத்துப் பொதுமண்டபம். ஒரு தலைமை அலுவலர், இரண்டு கிளார்க்குகள். இரண்டு நாளில் மன்னர் சார்லஸின் முடிசூட்டு விழா என்பதால் மண்டபத்தில் ஏற்கெனவே கொடித் தோரணம் கட்டியிருந்தார்கள். ஏழு மணிக்குச் சற்று முன் வாக்குப்பெட்டி காலியாக இருப்பதைக் காட்டி மூடி முத்திரை வைத்தார் தலைமை அலுவலர். அவர் இதைப் பல தேர்தல்களில் செய்தவர், ஆனாலும் ஒவ்வொரு படிவத்தையும் புதிதாகப் படிப்பவரைப் போலப் படித்தார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

வேலை இப்படித்தான் நடக்கும். வருபவர் பெயரும் முகவரியும் சொல்வார். ஒரு கிளார்க் பட்டியலில் தேடி, அடையாளத்தைச் சரிபார்த்து, ஸ்கேல் வைத்துப் பெயருக்கு நேரே கோடு போடுவார். இன்னொருவர் சீட்டின் எண்ணுக்கு எதிரே வாக்காளர் எண்ணைத் தனித் தாளில் எழுதிவிட்டுச் சீட்டைக் கொடுப்பார். அந்தத் தாள் முத்திரையிடப்பட்டுப் போய்விடும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் திறக்க முடியாது. பெயருக்கு முன் ‘ஏ’ என்று இருந்தால் தபால் ஓட்டு, அவருக்குச் சாவடியில் சீட்டு கிடையாது. ‘ஜி’ என்றால் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன், உள்ளாட்சிக்கு மட்டும் வாக்கு. காமன்வெல்த் குடிமக்களுக்கு எந்தக் குறியும் இல்லை. பிரிட்டிஷ்காரர்கள் பெயரும் நம் பெயரும் பட்டியலில் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. அதைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

எங்கள் சாவடியில் ஊர் அளவிலான பாரிஷ் கவுன்சிலுக்கும் சேர்த்து இரண்டு நிறத்தில் இரண்டு சீட்டுகள். ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வார்டு என்றால் அத்தனை பெருக்கல் குறிகள் வரை போடலாம், குறைத்தும் போடலாம். “ஒருத்தருக்கு மட்டும் போட்டா செல்லுமா?” என்பதுதான் அன்று அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. செல்லும். யாருக்கு என்று மட்டும் நாங்கள் வாயைத் திறக்கக்கூடாது. விரலில் மை கிடையாது. வாசலில் கட்சிச் சின்னம் குத்திய டெல்லர்கள், அதாவது கட்சித் தொண்டர்கள், நின்று வாக்காளர் எண்ணைக் கேட்பார்கள். சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அட்டை இல்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தள்ளாடி நடந்து வந்த ஒரு பெரியவர், இத்தனை வருடமாக இதே மண்டபத்தில் ஓட்டுப் போடுகிறேன், அடுத்த தெருக்காரன் என்று சொன்னார். விதி விதிதான். பெயரை மறுப்புப் பட்டியலில் எழுதினோம். முதியோர் பஸ் பாஸும் செல்லும் என்று தலைமை அலுவலர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பெரியவர் பிறகு அதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார், சீட்டைக் கொடுத்தேன். எல்லோரும் அப்படித் திரும்பவில்லை. அந்தத் தேர்தலில் அடையாளம் இல்லாமல் வாக்களிக்க முடியாமல் போனவர்கள் ஏறக்குறைய 14,000 பேர் என்றும், வாசலிலேயே திரும்பியவர்களைச் சேர்த்தால் இன்னும் அதிகம் இருக்கும் என்றும் தேர்தல் ஆணையம் பிறகு சொன்னது. சாவடியில் வாக்களிக்க வந்தவர்களில் அது 0.25 சதவீதம். சிறிய எண்தான். ஆனால் இந்தியாவில் வாக்காளர் அட்டையைத் தேர்தல் ஆணையமே கொடுக்கிறது. இங்கே தேசிய அடையாள அட்டையே கிடையாது. வாக்களிக்க அடையாளமாகக் காட்ட இலவசச் சான்றிதழ் உண்டு, ஆனால் விண்ணப்பித்தால்தான் வரும். அட்டை கேட்கிற அரசு அட்டையை வீட்டுக்கு அனுப்பி வைப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து.

முகத்திரை அணிந்த ஒரு பெண் வந்தபோது, மறைப்புக்குப் பின்னால் நான் தனியாக முகம் பார்த்துச் சரிபார்த்தேன். திரும்ப அணிந்துகொள்ள அங்கே கண்ணாடியும் வைத்திருந்தோம். பெண் ஊழியர் வேண்டும் என்று கேட்கலாம் என்பதைப் பல பெண்கள் அறிந்திருக்கவில்லை.

இரவு பத்து மணிக்கு மூட வேண்டும். பத்தடிக்கும்போது வரிசையில் நிற்பவர்களுக்குச் சீட்டு கொடுத்தாக வேண்டும். அப்புறம் பயன்படுத்திய சீட்டு, மிஞ்சிய சீட்டு, கெட்டுப்போன சீட்டு எல்லாம் கணக்கு ஒத்துப்போக வேண்டும், தனித்தனி உறைகள், முத்திரை. பெட்டியை எண்ணும் இடத்துக்குத் தலைமை அலுவலர் எடுத்துப் போனார். முடிவில் 38 இடங்களில் லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 34, கிரீன் கட்சிக்கு 4.

இப்போது என் நண்பர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே பெயர் பதிந்திருக்க வேண்டும். நாம் அடிக்கடி வாடகை வீடு மாறுகிறவர்கள். முகவரி மாறினால் பதிவு தானாகக் கூட வராது, புதிதாகப் பதிய வேண்டும். சாவி வாங்கி கவுன்சில் டேக்ஸுக்குப் பெயர் கொடுக்கும் அன்றே இதையும் முடித்துவிடுங்கள். ஒன்றுக்குப் பதிந்தால் மற்றொன்று தானாக நடக்காது.