படகு இறங்கியது, வண்டி ஏறவில்லை

அடிலெய்டிலிருந்து தெற்கே 45 கிலோமீட்டர் போனால் ஆல்டிங்கா. அதை ஒட்டிய சில்வர் சாண்ட்ஸ் கடற்கரையில் வண்டியை மணலிலேயே ஓட்டிப் போய்ப் படகைக் கடலில் இறக்கலாம். படகு, யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவருடையது, நாலரை மீட்டர் அலுமினியம். வண்டி என் பழைய பிராடோ. மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, இருட்டோடு கிளம்பினோம்.

மணலைத் தொடும் முன் டயரில் காற்றை இறக்கவேண்டும். 36 பிஎஸ்ஐ இருந்ததை 18-க்குக் கொண்டுவந்தேன். டயர் சப்பையாகி நீளவாக்கில் மணல்மேல் படுத்துக்கொள்ளும், புதையாது. ட்ரெய்லர் டயர்களை அப்படியே விட்டுவிட்டேன். "அதுதான் தம்பி முதல்ல தாழும்" என்று அண்ணன் தானே குனிந்து காற்றைப் பிடுங்கினார்.

அப்புறமும் உடனே இறக்க விடவில்லை. 45 கிலோமீட்டர் ஓடிவந்த சக்கரத்தின் அச்சுக்குடம் சூடாக இருக்கும். அதைக் குளிர்ந்த கடலுக்குள் விட்டால் உள்ளே காற்று சுருங்கி, உப்புத்தண்ணீரை பேரிங்குக்குள் உறிஞ்சிவிடும். பிளாஸ்கிலிருந்த தேநீரைக் குடித்துக்கொண்டே சக்கரம் ஆறக் காத்திருந்தோம். விளக்கு வயரைக் கழற்றி, படகின் வடிகால் துளையில் அடைப்பான் இருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்து, ரிவர்ஸில் இறக்கினேன். கடல் தட்டு மாதிரி கிடந்தது. ஐந்து நிமிடத்தில் படகு மிதந்தது. 'இவ்வளவுதானா?' என்று நினைத்தேன்.

மீன்பிடித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்சம் நீலநண்டு, இரண்டு வைட்டிங்.

மதியம் தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டது. திரும்பி வந்தபோது படகு ட்ரெய்லரில் நேராக ஏற மறுத்தது. ஒவ்வொரு அலைக்கும் பின்பக்கம் திரும்பிக்கொண்டது. நான் பின்சக்கரங்களைத் தண்ணீர் விளிம்பில் நிறுத்திவிட்டு, இறங்கி, படகை இழுத்து ஏற்றும் விஞ்ச்சோடு மல்லுக்கட்டினேன். அதுதான் தப்பு. அலை வந்து போகும் ஒவ்வொரு முறையும் டயரைச் சுற்றிய மணல் கரைந்து, ஊறிய ரவை மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

"சில்லு தாழுது, நிக்காதை!" என்று அண்ணன் கத்தினார். ஓடிப்போய் ஏறி ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். மிதித்த மிதியில் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது. மணல் அச்சைத் தொட்டுவிட்டது.

தண்ணீர் ஏறினால் வண்டி போச்சு என்று எனக்குக் கை நடுங்கியது. அண்ணன் பதறவே இல்லை. "இண்டைக்கு டாட்ஜ், தண்ணி அசையாது" என்றார். இந்த செயின்ட் வின்சென்ட் வளைகுடாவின் விசித்திரம் அது. இங்கே நிலவால் வரும் ஓதமும் (கடல் ஏறி வற்றுவது) சூரியனால் வரும் ஓதமும் ஏறக்குறைய சம பலம். முன்னது 12 மணி நேரம் 25 நிமிடத்துக்கு ஒருமுறை, பின்னது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை இரண்டும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று தின்றுவிடும். நாள் முழுக்கக் கடல் ஏறாது, வற்றாது. அதுதான் டாட்ஜ். மார்ச், செப்டம்பர் வாக்கில் இது இன்னும் துல்லியம்.

படகைத் தள்ளி நங்கூரமிட்டோம். ட்ரெய்லரைக் கழற்றி, டயர்களை 12-க்கு இறக்கி, மண்வெட்டியால் வழி வெட்டினோம். லேண்ட்க்ரூசரில் வந்த ஒரு பெரியவர் தானாகவே நின்றார். இழுவைப் பட்டையை அவர் வண்டியின் டோ பாலில், அதாவது ட்ரெய்லர் மாட்டும் உருண்டையில், மாட்டப் போனேன், கையைத் தட்டிவிட்டார். அந்த உருண்டை உடைந்தால் குண்டு மாதிரிப் பறக்கும், இந்த நாட்டில் அப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். டோ பாலோடு இருந்த இரும்பு நாக்கையே உருவி எடுத்து, அந்தக் குழிக்குள் பட்டையின் காதை நுழைத்து, பின்னைச் செருகினார். மறுமுனை என் வண்டியின் முன்கொக்கியில். ஒரே இழுப்பு.

இரண்டாம் முறை வண்டியைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகவில்லை. மேலே இறுகிய மணலில் நிறுத்தி, ட்ரெய்லரை நீளக்கயிற்றில் கட்டிக் கையாலேயே கடலுக்குள் தள்ளினோம். அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொள்ள, நான் லோ ரேஞ்ச் கியரில் மெதுவாக இழுத்தேன்.

அன்று ராத்திரி வண்டியின் அடிப்பக்கத்தை முக்கால் மணி நேரம் கழுவினேன். அடுத்த வாரம் ஆபீஸுக்குப் போகும்போது பிரேக்கை அழுத்தினால் இன்னும் கரகரவென்றது.