கடல் வீட்டில் இருக்கும் நேரம்

முதல் தடவை அந்தமான் போனபோது ஹேவ்லாக் தீவில் நாங்கள் கடலைத் தவறவிட்டோம். நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊரில் அது எப்படி முடியும் என்று இப்போதும் வீட்டில் கேலி செய்கிறார்கள்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம், டிசம்பர் கடைசி. மதியக் கப்பலில் இறங்கி, கிழக்குக் கரையில் விஜய்நகர் பக்கம் எடுத்திருந்த குடிலில் பையைப் போட்டுவிட்டு, மூன்றரை மணிக்குத் துண்டும் கையுமாகக் கரைக்கு ஓடினோம். கடலைக் காணோம். எதிரே கறுத்த பாறையும் செத்த பவளமும் சேறுமாக விரிந்து கிடந்தது. தண்ணீர் எங்கேயோ தூரத்தில் ஒரு நீலக் கோடு. ரப்பர் செருப்போடு பத்தடி வைத்ததுமே என் கணவர் உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டார். சரி, பேர் பெற்ற ராதாநகருக்காவது போவோம் என்று ஆட்டோ பிடித்தோம். சென்னைக்காரர்களுக்கு ஐந்து மணி என்பது பீச்சுக்குக் கிளம்பும் நேரம். அங்கே போய் இறங்கினால் சூரியன் எப்போதோ போயாகிவிட்டது. காவலர் விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் குடில் வாசலில் கடல் பச்சைப் பசேலென்று ததும்பியது என்று பக்கத்துக் குடிலில் இருந்தவர்கள் சொன்னார்கள். அந்த நேரத்தில் நாங்கள் கடைத்தெருவில் ஏடிஎம் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

திரும்பி வந்த பிறகுதான் காரணம் புரிந்தது. மெரினா பக்கம் வளர்ந்தவளுக்கு அலை தெரியும், ஏற்றவற்றம், அதாவது கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குவது, தெரியாது. சென்னையில் கடல் மட்டம் அதிகபட்சம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் ஏறி இறங்கும். கரையும் சரிவு. அதனால் கடல் எப்போது போனாலும் அதே இடத்தில் இருப்பதாகவே நமக்குத் தோன்றும். அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த ஏற்ற இறக்கம் சுமார் இரண்டு மீட்டர். ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையோ தாம்பாளம் மாதிரி தட்டையானது. தட்டையான இடத்தில் இரண்டு மீட்டர் இறங்கினால் தண்ணீர் எவ்வளவு தூரம் பின்வாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சூரியன் விஷயமும் அப்படித்தான். அந்தமான் சென்னைக்குக் கிழக்கே பன்னிரண்டரைப் பாகை தள்ளி இருக்கிறது, ஆனால் கடிகாரம் ஒன்றுதான். அதனால் எல்லாமே சென்னையைவிட 50 நிமிடம் முந்தி நடக்கும். டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டியே அஸ்தமனம். உச்சி வெயில் பதினொன்றே காலுக்கு.

இந்தத் தை மாசம் மறுபடி போனோம். இப்போது மகளுக்கு எட்டு வயது. கூடவே அத்தையும் (கணவரின் அம்மா) வந்தார். மாயவரத்துக்காரர், தை அமாவாசைக்குப் பூம்புகாரில் முழுக்குப் போட்ட பழக்கம். கடல் என்றால் ஒரு கும்பிடு, மூன்று முழுக்கு, கரையேறிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் செல்போனில் ஹேவ்லாக்கின் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தவர், "இதுக்கு எதுக்கும்மா செல்லு? திதியைப் பாத்தா போதாதா?" என்றார். கிண்டலாகச் சொன்னாரோ என்னவோ, விஷயம் அதுதான். பௌர்ணமி, அமாவாசை நாட்களில் அந்தப் பக்கம் ஏற்றம் காலை பத்து மணியை ஒட்டி வருகிறது, வற்றம் மாலை நாலு மணியை ஒட்டி. நிலா தினமும் கிட்டத்தட்ட 50 நிமிடம் தாமதமாக உதிப்பதுபோல ஏற்றமும் தினமும் அவ்வளவு தள்ளிப்போகும். அஷ்டமி வாக்கில் எல்லாம் தலைகீழ், காலையில் வற்றம், மாலையில் ஏற்றம். ஆனால் அப்போது ஏற்ற இறக்கமே அவ்வளவு இருக்காது. நிமிஷக் கணக்குக்கு அட்டவணை வேண்டும். எந்த வாரம் போகலாம் என்று முடிவு செய்ய நாட்காட்டித் தாள் போதும்.

முன்பு தீவில் செல்போன் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கேபிள் போட்டு முடித்தார்கள். அது ஹேவ்லாக்கையும் தொடுகிறது. இருந்தாலும் அட்டவணையைக் கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். ஏடிஎம்முக்கு முன்னால் நிற்க எனக்கு இனி மனமில்லை என்பதால் பணத்தையும் கையிலேயே.

கப்பல் டிக்கெட் முதலில், அறை அப்புறம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். போர்ட் பிளேரிலிருந்து தனியார் கப்பலில் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை. பெயர்களும் மாறியிருக்கின்றன, குழம்ப வேண்டாம். ஹேவ்லாக் 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் தீவு, போர்ட் பிளேர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். பேச்சில் இன்னும் எல்லோருக்கும் ஹேவ்லாக்தான். ஊர்களுக்குள் கோவிந்தநகர், ராதாநகர், ஷ்யாம்நகர், கிருஷ்ணநகர் என்று ஒரே கண்ணன் மயம். 1950களில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்திய ஊர்கள் இவை. அதனால் காதில் விழுவது வங்காளம். போர்ட் பிளேரில் தாராளமாகக் கேட்ட தமிழ் இங்கே கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறது.

நாங்கள் ஒதுக்கியது தைப்பூசத்துக்கு இரண்டாம் நாள். அட்டவணைப்படி அதிகாலை ஐந்து மணி வாக்கில் வற்றம், பதினொன்றே காலுக்கு ஏற்றம், மாலை ஐந்தரைக்கு மறுபடி வற்றம். சூரிய உதயம் 5.45, அஸ்தமனம் 5.20. இந்த ஐந்து எண்களை வைத்துக்கொண்டால் நாள் தானாகவே அமைந்துவிடும்.

ஐந்தேகாலுக்கு ஆட்டோவில் காலாபத்தர். கிழக்குப் பார்த்த கரை. பெயருக்கேற்றபடி கறுப்புப் பாறைகள். அன்று எங்களை ஏமாற்றிய வற்றம் இன்று எங்களுக்காகவே காத்திருந்ததுபோல இருந்தது. பாறை இடுக்குகளில் தேங்கிய குட்டைகளில் கடல் அட்டைகள் அசையாமல் கிடந்தன. விரல் நீளத்துக்கு மீன் குஞ்சுகள். மகள் ஒரு அழகான சங்கைக் கையில் எடுத்தாள், அதற்குக் கால் முளைத்தது. உள்ளே துறவி நண்டு. "அப்பாயி, இதுக்குள்ள யாரோ குடியிருக்காங்க!" என்று கத்தியபடியே வைத்துவிட்டாள். அந்தமானில் சிப்பி, பவளம் எதையும் கரையிலிருந்து எடுத்துவரக் கூடாது. பவளத்துக்கு 2001இலிருந்து புலிக்குக் கொடுத்த அதே சட்டப் பாதுகாப்பு. விமான நிலையத்தில் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள். சட்டத்தைச் சொல்லிப் புரியவைத்திருந்தால் குழந்தை ஆயிரம் கேள்வி கேட்டிருக்கும். அந்த நண்டு ஒரே நொடியில் வேலையை முடித்துவிட்டது.

மணல் ஈயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்ணுக்கே தெரியாது, கடித்தபோது வலிக்காது, அன்று இரவு ஆரம்பித்தால் ஒரு வாரம் அரிக்கும். காலையும் மாலையும் ஈர மணலில்தான் அதிகம். முட்டிக்குக் கீழே தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொண்டோம். அத்தை மட்டும் "என்னை எது கடிக்கப் போவுது" என்று மறுத்துவிட்டார். பாவம், மாயவரம் திரும்பிய பிறகும் சொறிந்துகொண்டிருந்தார்.

காலைச் சாப்பாடு கடைத்தெருவில் பூரியும் உருளைக்கிழங்கும். எட்டரைக்குப் படகுத்துறை. முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தபடி பவளம் பார்க்கும் எலிஃபண்ட் பீச்சுக்குப் படகில் இருபது நிமிடம். காட்டு வழியாக நடந்தும் போகலாம், ஆனால் சேறும் வேரும் நிறைந்த பாதை, அத்தையை வைத்துக்கொண்டு அந்த வீரம் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அங்கே இருப்பதுதான் திட்டத்தின் உயிர்நாடி. ஏற்றத்தில் பவளத் திட்டுக்கு மேலே போதுமான ஆழம் இருக்கும், கால் படாது. வற்றத்தில் முகமூடி போட்டுக்கொண்டு குனிந்தால் பவளம் வயிற்றில் உரசும். நமக்கும் காயம், அதற்கும் சாவு.

உடுப்பு பற்றி ஒரு வார்த்தை. முதல் பயணத்தில் சுடிதாரோடு இறங்கி, துப்பட்டாவும் நானும் பட்ட பாடு போதும். இந்த முறை எல்லோருக்கும் முழுக்கை டீ ஷர்ட், லெக்கிங்ஸ். முதுகைக் காட்டி மிதக்கும் விளையாட்டில் எந்த வெயில் க்ரீமும் சட்டைக்கு ஈடாகாது. பாறைக் கரைக்கு வார் வைத்த ரப்பர் ஷூ. என் கணவர் இரண்டு ஜோடி வாங்கியிருந்தார், காரணம் தெரியும்தானே.

தண்ணீருக்குள் முகத்தை வைத்த முதல் நிமிடம் மகள் மூச்சை வாயால் இழுக்க மறந்து அழுதாள். வழிகாட்டிப் பையன் அவசரப்படுத்தவில்லை. ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இடுப்பளவுத் தண்ணீரிலேயே பத்து நிமிடம் பழக்கினான். அப்புறம் தண்ணீருக்குள் வைத்த தலையை அவள் நிமிர்த்தவே இல்லை. கிளி மீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கிறது, யாரோ முறுக்குத் தின்பதுபோல. அந்த மீன்கள் கொறித்து, அரைத்து, வெளியே விடுவதும் சேர்ந்துதான் பவளக் கடற்கரைகளின் வெள்ளை மணல். இதைச் சொன்னதும் மகள் கால்விரலைத் தூக்கிக்கொண்டாள். எல்லாமே வண்ணமயம் என்று சொல்ல மாட்டேன். சாம்பல் நிறத்தில் செத்த திட்டுகள் நிறைய. 2010இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. நடுநடுவே உயிரோடிருக்கும் கத்தரிப்பூ நிறத் திட்டுகளைப் பார்க்கும்போது அதனாலேயே இரட்டிப்பு மகிழ்ச்சி.

அத்தை கரையில் விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். வெளுத்து எலும்பாகிப்போன மரங்கள் அந்தக் கரையில் ஏராளம். 2004 சுனாமியில் சாய்ந்தவை என்கிறார்கள். நாகப்பட்டினத்தில் உறவுக்காரர்களைப் பறிகொடுத்தவர் அவர். அதைக் கேட்டதும் எழுந்து போய் வேறிடத்தில் உட்கார்ந்துகொண்டார். யாரும் எதுவும் பேசவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அறைக்குத் திரும்பியே தீர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மீன் குழம்பும் சோறும், இரண்டு மணி நேரத் தூக்கமும். கடலோரத்தில் முழு நாள் என்றால் நடுப்பகலைத் தானம் கொடுத்துவிடுவதுதான் நல்லது.

மூன்று மணிக்கு ராதாநகர். படகுத்துறையிலிருந்து 12 கிலோமீட்டர், காடும் பாக்குத் தோட்டமும் மாறி மாறி வரும் சாலை. 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதிலிருந்து இதற்கு ஓய்வில்லை. 2020இல், சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று வந்தது. உடை மாற்ற அறை, குளிக்கக் குழாய், உயிர்காப்பாளர் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அந்த இடத்தின் அழகு எனக்கு மணலில் இல்லை, மணலை ஒட்டிச் சுவர்போல எழும்பும் கடல் மஹுவா மரங்களில் இருக்கிறது.

கரை மேற்குப் பார்த்தது, பாறை இல்லாத மணல் தரை. அதனால் வற்றத்திலும் குளிக்கலாம். தண்ணீர் இறங்க இறங்க மணல் அகன்று, கண்ணாடிபோல வானத்தைக் காட்டும். உப்புநீர் முதலை எச்சரிக்கைப் பலகைகளைப் படம் எடுத்துச் சிரிக்கிறவர்களைப் பார்த்தேன். 2010இல் ஹேவ்லாக் கடலில் ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை உண்மையாகவே கொன்றிருக்கிறது. உயிர்காப்பாளர் காட்டிய எல்லைக்குள்ளேயே நாங்கள் நின்றோம். அத்தை மேற்கே பார்த்துக் கும்பிட்டு, கணக்காக மூன்று முழுக்குப் போட்டார். கரையேறவில்லை. நாலாவது, ஐந்தாவது என்று போய்க்கொண்டே இருந்தது. பேத்தி எண்ணி எண்ணி அலுத்து, மணலில் வாய்க்கால் வெட்டப் போய்விட்டாள்.

5.20க்குச் சூரியன் இறங்கியது. விசில் ஊதியது. ஆறு மணிக்குள் நல்ல இருட்டு. ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லியிருந்ததால் பிழைத்தோம். அந்த நேரத்தில் அங்கே சவாரி தேடினால் சொல்வதுதான் விலை.

இரவு உணவுக்குப் பிறகு குடில் திண்ணையில் உட்கார்ந்தபோது எதிரே பழைய காட்சி. பாறை, சேறு, தூரத்தில் கோடு. கிழக்கே நிலா வந்துவிட்டிருந்தது. தாளில் அடுத்த ஏற்றம் பதினொன்றே முக்கால் என்று எழுதியிருந்தேன். காத்திருக்கலாம் என்று நினைத்துத் தூங்கிப்போனேன். சளக் சளக்கென்று சத்தம் கேட்டு விழித்தபோது தென்னை மரத்தடிவரை கடல் வந்திருந்தது, நிலா வெளிச்சத்தில் பாலாக. அத்தை எனக்கு முன்பே எழுந்து படியில் நின்றுகொண்டிருந்தார்.

"வந்துடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.