பூச்சியியல் தாளில் புறத்தோல் புரதம்: முதலில் காலக்கோட்டைக் கீறுங்கள்

போன கிழமை பெறுபேறு வந்தது. பூச்சியியலுக்கு ஏ. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அடுத்ததாக இந்தத் தாளை எழுதப்போகிற தம்பிமார், தங்கச்சிமார் கேட்டுக்கொண்டே இருப்பதால் மனம் ஆறியிருக்கும்போதே எழுதிவிடுகிறேன். மற்றப் பகுதிகளுக்கு உங்களிடம் இருக்கும் குறிப்பே போதும். நான் சொல்ல வருவது ஒரே ஒரு கட்டுரைக் கேள்வியைப் பற்றி: பூச்சியின் வளர்ச்சியிலும் விருத்தியிலும் புறத்தோல் (உடலை மூடியிருக்கும் கியூட்டிக்கிள்) புரதங்களின் பங்கு.

கைமாறிக் கைமாறி வரும் குறிப்புகளில் குறுக்குவெட்டுப் படம் மட்டும்தான் இருக்கும். மேலே மெழுகு, கீழே கைற்றின் என்ற நார்ப்பொருளும் புரதமும், அடியில் ஒற்றைப் படையாக மேற்றோல் கலங்கள். அதைக் கீறி இரண்டு பக்கம் நிரப்பினாலும் கேள்விக்கு விடை வராது. வளர்ச்சி என்று கேட்டாலே 'எது எப்போது உண்டாகிறது' என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே பேனையை எடுத்ததும் ஒரு நீட்டுக் கோடு போடுங்கள். பழைய தோல் கலங்களை விட்டு விலகுவது இடது முனையில், தோல் கழற்றல் நடுவில். மேலே, தோல் கழற்றலைத் தூண்டும் எக்டைசோன் ஓமோன் ஏறி இறங்கும் வளைவு. பிறகு ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வையுங்கள்:

- எக்டைசோன் ஏறும்போது: பழைய தோல் விலகும், புதிய மேற்படை (கைற்றின் இல்லாத மெல்லிய வெளி அடுக்கு) உருவாகும்.
- இறங்கும்போது: பழைய உட்படையை (தோலின் உள் அடுக்கை) நொதியங்கள் கரைக்க, கரைந்தது திரும்ப உறிஞ்சப்படும். புதுத் தோல் கரையாமல் காப்பது அந்த மேற்படை. கூடவே, பின்னால் கடினமாகப்போகும் வெளிப்படையின் (மேற்படைக்கு அடுத்த அடுக்கின்) புரதங்கள்.
- கழற்றிய பிறகு: பர்சிகோன் ஓமோன், அதனால் தோல் கடினமாதல், அதன்பின் உட்படைப் புரதங்கள்.

இந்த மூன்று வரியையும் நித்திரையிலும் சொல்ல வேண்டும். எனக்குக் குழுவாக இருந்து படிப்பது ஒத்துவராது. விடியற்காலையில் தனியே இருந்து, புத்தகத்தை மூடிவிட்டு, வெறும் தாளில் இந்தக் கோட்டைத் திரும்பத் திரும்பக் கீறினேன். மனப்பாடத்தை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

அடுத்தது, கண்ணால் பாருங்கள். செங்கலடியில் நான் தங்கியிருந்த வீட்டு வளவில் ஒரு தேசி மரம் நின்றது. அதில் இருந்த வண்ணத்துப்பூச்சிப் புழு ஒன்றைப் போத்தலில் விட்டு வளர்த்தேன். தோல் கழற்றும் முன் சாப்பாட்டை விட்டுவிட்டு அசையாமல் இருந்தது. பழைய தலை ஓடு முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்க, அதற்குப் பின்னால் புதிய தலை வீங்கித் தெரிந்தது. பிறகு அந்த ஓடு தனியாகக் கழன்று விழுந்தது. ஒரு பருவம் முழுக்க உடல் பருக்கும், தலை ஓட்டின் அகலம் மட்டும் மாறாது. பருவத்துக்குப் பருவம் தலை ஓட்டின் அகலம் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் கூடும் என்று டயர் 1890இல் சொன்ன விதி இதில்தான் நிற்கிறது. இங்கே புரதத்தைக் கொண்டுவாருங்கள்: மெத்தென்ற தோலில் பொதுவாக ஆர்ஆர்-1 வகைப் புரதங்கள், கடினமான பகுதியில் ஆர்ஆர்-2. இரண்டிலும் கைற்றினோடு பிணையும் ஒரு பொது அமினோ அமிலத் தொடரி உண்டு. அந்தத் தொடரியை ரெபர்ஸும் ரிடிஃபோர்டும் 1988இல் இனங்கண்டார்கள்; ஆர்ஆர் என்பது அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகள். அந்த ஆண்டைக் கட்டாயம் எழுதுங்கள்.

கடினமாதலுக்கு ஒரு பந்தி போதும். டொப்பமினில் இருந்து வரும் சேர்வைகளை லக்கேசு என்ற நொதியம் ஒட்சியேற்ற, அப்போது உண்டாகும் குயினோன்கள் புரதங்களைக் குறுக்கே பிணைக்கும். இப்போதுதான் தோல் கழற்றிய கரப்பான் வெள்ளையாக இருந்து, சில மணித்தியாலத்தில் கபில நிறமாவது இதனால்தான்.

உதாரணம் இல்லாத விடைக்குப் புள்ளி ஏறாது. இவை கையில் இருக்கட்டும்:

- பழ ஈயில் டுவீடில் குடும்பப் புரதம் ஒன்று விகாரமானால் குடம்பி கட்டையாய்க் குண்டாகிவிடும். உடல் வடிவமே புரதத்தின் கையில் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.
- சிவப்பு மா வண்டில் சிபிஆர்27 என்ற புரதத்தின் உற்பத்தியை ஆர்என்ஏ குறுக்கீட்டால் குறைத்தால், முன்சிறகு குட்டையாகிச் சுருங்கும்.
- ரெசிலின் (இறப்பர் போல இழுபட்டு மீளும் புரதம்): வெட்டுக்கிளியின் சிறகு மூட்டு, வைஸ்-ஃபோ, 1960. இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

கடைசிப் பகுதியில் பீடைக் கட்டுப்பாடு கேட்டால் அம்பாறை வயலுக்கே போங்கள். நெல்லில் கபிலநிறத் தத்திக்கு எதிரான பியூப்ரோபெசின் என்ற பூச்சிநாசினி கைற்றின் தொகுப்பைத் தடுக்கும். கைற்றின் குறைந்தால் புரதம் பிடித்து நிற்க இடமில்லை, குஞ்சுகள் தோல் கழற்றும்போதே சாகும். வளர்ந்த தத்தி தோல் கழற்றாது, அதனால் அது நேரே சாகாது. அதற்கான காரணத்தையும் உங்கள் கோட்டிலேயே அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.