பதில் சொல்லாத டியூஷன்

ஆஸ்திரேலியாவின் வொலங்காங் ஊர் சீக்கிரமே பழகிவிட்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவில் இலவச பஸ். சிட்னிக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த எனக்குப் பழகாதது வகுப்பில் வாய் திறப்பதுதான்.

பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் புள்ளியியல் எடுத்திருந்தேன். அந்தப் பாடத்துக்கு ‘பாஸ்’ (PASS, மாணவர்களே மாணவர்களுக்கு உதவுவது) வகுப்பு உண்டு என்றார்கள். வாரம் ஒரு மணி நேரம், கட்டணம் கிடையாது, விருப்பமிருந்தால் போகலாம். நடத்துவது பேராசிரியர் இல்லை. அதே பாடத்தை முன்பே படித்து நல்ல மார்க் வாங்கிய மாணவி. சரி, இலவச டியூஷன் என்று போய் உட்கார்ந்தேன்.

“ஒரு மருந்தைச் சோதித்துப் பார்த்ததில் பி வேல்யூ 0.03 வந்தால் என்ன அர்த்தம்?” என்று ஒரு பையன் கேட்டான். அவள் பதில் சொல்லவில்லை. “லெக்சரில் இது எங்கே வந்தது, யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?” என்று எங்களையே திருப்பிக் கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றாள். நம் ஊரில் டீச்சர் அப்படி நின்றால் அடுத்து திட்டு விழும். இங்கே விழவில்லை. ஒரு நேபாளப் பெண் ஏதோ சொன்னாள், நான் ‘அப்படி இல்லை’ என்றேன், இரண்டு பேரும் பலகைக்குப் போய்விட்டோம். மருந்துக்குப் பலனே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், இவ்வளவு வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வர நூற்றுக்கு மூன்று வாய்ப்பு. அதை எங்கள் வாயாலேயே சொல்லி முடித்தோம். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் தோழி அந்த நேபாளப் பெண்தான்.

இப்படி வகுப்பு நடத்தும் முறை 1973-இல் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்து கான்சஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் என்பவர் தொடங்கியது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: தேறாத மாணவர்கள் யார் என்று பிரிக்காமல், நிறையப் பேர் தேறாத பாடம் எது என்று பார்த்து அதற்கு வகுப்பு வைக்கிறார்கள். அதனால் உள்ளே போக யாருக்கும் கூச்சம் இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அப்புறம் நானே வகுப்பு நடத்தப் போனேன். பயிற்சியில் சொன்னது: பாடத்தை மறுபடி நடத்தாதே, அசைன்மென்ட்டைச் செய்து கொடுக்காதே, கேள்வி கேட்டால் காத்திரு. கடைசிதான் கஷ்டம். தமிழ்ப் பையன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் ஓரமாக வந்து, “அக்கா, ஆன்சர் மட்டும் சொல்லிடுங்க” என்பான். “நீ என்ன போட்டிருக்கே, காட்டு தம்பி” என்பேன். முகம் சுருங்கிவிடும்.

இதற்கு வருகிறவர்களின் மார்க் கூடுகிறது என்பார்கள். ஆர்வமுள்ளவர்கள்தானே தானாக வருகிறார்கள்; அவர்கள் எப்படியும் கொஞ்சம் கூடுதலாக வாங்கியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். மாலையில் ரெஸ்டாரண்ட், இரவில் பெட்ரோல் பங்க் என்று ஓடும் வெளிநாட்டு மாணவர்களால் மதியம் இரண்டு மணிக்கு வரவே முடிவதில்லை. அடுத்த செமஸ்டரில் என் வகுப்பை சனிக்கிழமை காலைக்கு மாற்றித் தரக் கேட்டிருக்கிறேன்.