சைக்கிள் வந்தாச்சு, ஊர் சுற்றத்தான் முடியாது

மூன்று வாரம் தேடி, ஒருவழியாக வீட்டுக்கு உடற்பயிற்சி சைக்கிள் வாங்கியாச்சு. இருப்பதிலேயே மலிவானதை எடுக்கத்தான் நினைத்திருந்தேன். தோழி வீட்டில் அப்படி ஒன்றை மிதித்துப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது. சக்கரத்தை ஒரு கட்டை அழுத்திப் பிடிக்கிற வகை அது. கிரீச் கிரீச்சென்று சத்தம். கட்டையும் தேய்ந்துகொண்டே வரும், அவ்வப்போது மாற்றணும். சக்கரத்தைத் தொடாமலே காந்தம் இழுத்துப் பிடிக்கிற காந்த வகையில் எதுவும் உரசுவதில்லை; குழந்தை தூங்கும்போதும் மிதிக்கலாம். விலை கொஞ்சம் கூடத்தான். ப்ளூடூத், செயலி என்று கொட்டும் காசை இதில் போடலாம் என்பது என் கட்சி.

வாங்கும்முன் கட்டாயம் ஏறி உட்கார்ந்து பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கணும், ஏறக்குறைய 25 முதல் 35 டிகிரி. சீட் மேலே கீழே மட்டுமில்லை, முன்னும் பின்னும் நகர்ந்தால் இன்னும் நல்லது. எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். உங்கள் எடையைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கட்டும்.

திரையில் ஓடும் கலோரிக் கணக்கை நான் நம்பவில்லை. என் எடையையே கேட்காமல் என்ன கணக்கு அது?

பூட்டும்போதுதான் கூத்து. இடது பெடலின் மரை தலைகீழ், இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். நான் வலப்பக்கமே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, மரை போவதற்குள் புரிந்தது.

இன்றோடு ஒன்பது நாள். இன்னும் அதன்மேல் ஒரு துண்டுகூடக் காயவில்லை!