கல்லு தின்னுற இடம்

போன வாரம் சூளூர்பேட்டையில ஒரு கல்யாணம். கும்மிடிப்பூண்டியில எலக்ட்ரிக் டிரெயின் ஏறினேன். ஆரம்பாக்கம் தாண்டினதும் கண்ணு தானா பக்கத்துத் தண்டவாளத்துக்குப் போயிடுச்சு. ரயில்வேயில தண்டவாளத்தைப் பராமரிக்கிற வேலை பார்த்தவன் நான். பென்ஷன் வாங்க ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆச்சு, பழக்கம் மட்டும் போகல. வீட்டுக்காரி எதிர் சீட்டுல தலையில அடிச்சுக்கிட்டாங்க. ஒரு இடத்துல, தண்டவாளத்துக்கு அடியில குறுக்கால கிடக்கிற ஸ்லீப்பர் கட்டை நாலஞ்சு இருக்கிற நீளத்துக்கு ஜல்லி வெளுத்துக் கிடந்தது, கோலமாவைக் கரைச்சுக் கொட்டின மாதிரி. அடியில இருக்கிற களிமண் சேறாகி மேல வந்து காய்ஞ்ச நிறம் அது. நாங்க 'சேறு கக்குது'ம்போம்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, இதே மாதிரி ஒரு இடம் என் பொறுப்புல வந்தது. பழவேற்காடு ஏரிக்கு மேற்கால, ரெண்டு பக்கமும் நெல்லு வயல். கார்த்திகை மழையில வயலும், ஜல்லிக்கு ஓரமா இருக்கிற மண் தரையான செஸ்ஸும் ஒரே மட்டத்துக்குத் தண்ணி. ரெண்டு தண்டவாளம் சேர்ற ஜாயிண்ட் தாழ்ந்து போச்சு. மெதுவா ஓட்டச் சொல்ற காஷன் ஆர்டர் போட்டு வண்டியை மணிக்கு 20 கிலோமீட்டர்ல விட்டோம். நான் படிச்சதெல்லாம் வச்சு ஜல்லி இறக்கச் சொன்னேன். கேங்மேன்கள் ஸ்லீப்பருக்கடியில ஜல்லியை இறுக்குற பீட்டர் கம்பியால அடிச்சு மட்டம் தூக்கினாங்க. பதினஞ்சு நாள்ல பழையபடி. மறுபடி ஜல்லி. மூணாவது தடவை சொன்னப்போ மேஸ்திரி கடப்பாரையை ஊனிக்கிட்டுச் சிரிச்சார். நாயுடுபேட்டைக்காரர், பாதி தெலுங்கு பாதி தமிழ். "இக்கட பூமி ராள்ளு திண்டுந்தி சார்" என்றார். பூமி கல்லு தின்னுதாம். "நீங்க போட்டுக்கிட்டே இருங்க, அது தின்னுக்கிட்டே இருக்கும்."

அவர் சொன்னபடி, வண்டி வராம பாதையைக் கொஞ்ச நேரம் மூடி வைக்கிற பிளாக் வாங்கி, ரெண்டு ஸ்லீப்பருக்கு நடுவுல குறுக்கால வெட்டிப் பார்த்தோம். ஜல்லி இடுப்பளவு ஆழத்துக்கு இறங்கியிருந்தது. சுத்திலும் களிமண், நடுவுல கல்லு நிறைஞ்ச பெரிய சட்டி. சட்டி நிறைய கறுப்புத் தண்ணி, சாக்கடை நாத்தம். நான் கொட்டின ஒவ்வொரு வண்டி ஜல்லியும் அந்தச் சட்டியை இன்னும் ஆழமாக்கியிருக்கு, அவ்வளவுதான்.

நடக்கிறது என்னன்னா, சரக்கு வண்டியில ஒரு அச்சுக்கு இருபது டன்னுக்கு மேல வரும். அந்தப் பாரம் ஈரக் களிமண்ணை அமுக்கும்போது உள்ள இருக்கிற தண்ணிக்குப் போக வழியில்ல. களிமண் தண்ணியைச் சீக்கிரம் விடாது. அழுத்தம் ஏறி, மண்ணு குழம்பாகி, கல்லுச் சந்துல பீச்சும். சக்கரம் தாண்டினதும் ஸ்லீப்பர் லேசா எழும்பி மறுபடி உறிஞ்சும். ஒவ்வொரு அச்சுக்கும் இதேதான். ஜல்லி 65 மில்லிமீட்டரிலிருந்து 20 மில்லிமீட்டர் வரை. அந்தக் கல்லுக்கும் களிமண்ணுக்கும் நடுவுல சேத்தைத் தடுத்துத் தண்ணியை மட்டும் விடுற ஒண்ணு வேணும். உறைகிணறு இறக்குறவங்களுக்கு இது தெரியும், அடியில மணலும் பொடிக்கல்லும் போடாம விட்டா சேறு ஏறிடும்.

அந்தச் சட்டியோட அடிமட்டத்துக்கும் கீழே குறுக்கு வாய்க்கால் வெட்டி, கல்லும் மணலும் நிரப்பி, சரிவுக்கு வெளியே தண்ணியை விட்டோம். வெட்டி முடிச்ச ராத்திரி முழுக்க ஒழுகுச்சு. அப்புறம் வண்டிகளுக்கு நடுவுல கிடைச்ச நேரத்துல அழுக்கு ஜல்லியை வாரிட்டு, அளவு பார்த்துச் சலிச்ச மணல் பரப்பி, மேல புது ஜல்லி. தண்ணியை விட்டு மண்ணைத் தடுக்கிற ஜியோ டெக்ஸ்டைல் துணி பின்னாடிதான் எங்க கைக்கு வந்தது. நல்ல சாமான்தான், ஆனா மணல் இல்லாம நேரா களிமண் மேல விரிச்சுக் கல்லைக் கொட்டினா கல்லு அதைக் குத்திக் கிழிக்கும், இல்லேன்னா சேறு அடைச்சுக்கும். சிமெண்ட் பாலை ஊசி போட்டு ஏத்துறதும் உண்டு. அது கல்லுச் சட்டியை நிரப்பும். களிமண்ணுக்குள்ள சிமெண்ட் துகள் நுழையாது.

புது ரயில் பாதைக்கு மண்ணுக் கரை போடுறவங்க கொடுத்து வச்சவங்க. ஆழமான களிமண்ணுல 100 மில்லிமீட்டர் அகலத்துல பிளாஸ்டிக் வடிகால் பட்டையை ஒரு மீட்டருக்கு ஒண்ணுன்னு செங்குத்தா இறக்கி, மேல மண்ணு ஏத்திக் காத்திருக்கலாம். தண்ணி நடக்க வேண்டிய தூரம் பாதியானா, மண்ணு இறுக ஆகுற நேரம் கால்வாசி. மண்ணியல் பொறியாளர் டெர்சாகி 1925ல எழுதி வச்ச கணக்கு. ஓடுற பாதைக்கடியில அது நடக்கிற காரியமில்ல. வண்டி நிக்காதே.

1830ல திறந்த லிவர்பூல்–மான்செஸ்டர் பாதையில சாட் மாஸ்னு ஒரு சதுப்பு நிலம். ஜார்ஜ் ஸ்டீபன்சன் அதுல புதர்க்கட்டையும் தழையும் பின்னிப் போட்டு, பாதையை மிதக்க விட்டார். பாடத்துல படிச்சப்போ எனக்கு ஆச்சரியம் வரல. எங்க அப்பா சேத்துல வண்டி மாடு அழுந்தாம இருக்கப் பனமட்டை பரப்பினதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

கல்யாணத்துலயும் அந்த வெளுத்த ஜல்லிதான் மனசுல. திரும்பி வரும்போது வாசல்ல நின்னு சரியாப் பார்த்தேன். வடிகால் போற பக்கத்துல யாரோ மனை போட மண்ணு கொட்டி மேடாக்கியிருக்காங்க. தண்ணி வெளியே போற வாயே காணோம்.

எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் அந்தப் பக்கம் வேலை பார்க்கிறான். போன் போட்டு இடம் சொன்னேன்.

"தெரியும் சார். ஜல்லி வண்டி கேட்டிருக்கோம்" என்றான்.

"மண்வெட்டி எத்தனை இருக்கு?" என்றேன்.